தைமஸில் யாரும் பாடம் படிப்பதில்லை

தைமஸ் சுரப்பியைப் பற்றி யார் எழுதினாலும் பள்ளிக்கூட உவமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறந்த ஒன்றும் தெரியாத செல்கள் அங்கே போய்ச் சேருமாம், எது நம் உடம்பு எது வெளியிலிருந்து வந்த கிருமி என்று பாடம் படிக்குமாம், பரீட்சையில் தேறியவை டி செல்கள் என்று பட்டம் வாங்கிக்கொண்டு ரத்தத்தில் கிளம்புமாம். சொல்ல வசதியான கதைதான். ஆனால் எனக்கும் இந்த உவமைக்கும் நெடுநாள் சண்டை. சேர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உள்ளேயே செத்துப்போகிற இடத்தைப் பள்ளிக்கூடம் என்று எந்த வாயால் சொல்வது? அதைக்கூட விடுங்கள். உயிர் தப்பி வெளியே வருகிற சொச்சமும் உள்ளே பெரிதாக எதையும் கற்றுக்கொண்டு வருவதில்லை. தற்செயலாக வாய்த்த ஓர் ஏற்பியை, அதாவது எதையாவது தொட்டுப் பிடிக்கும் ஒரு புரதத்தை, மேலே தாங்கிக்கொண்டு நிற்கின்றன, அந்த ஏற்பியால் பெரிய தொந்தரவு இல்லை என்பதால் விட்டுவைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். எது நாம், எது அந்நியம் என்கிற அறிவு எந்தத் தனிச் செல்லுக்குள்ளும் இல்லை. எவை செத்தன, எவை மிஞ்சின என்ற கணக்கில்தான் அது இருக்கிறது.

ஆட்டோ இம்யூன் நோய் வந்தவர்கள் "என் உடம்பே என்னை அடையாளம் தெரியாமல் தாக்குகிறதே, திடீரென்று எப்படி மறந்துபோனது?" என்று கேட்பார்கள். படித்த பாடம் என்றால் மறக்கலாம். இங்கே மறப்பதற்கு எதுவும் இல்லை. அவர்களைத் தாக்கும் செல்களின் உறவுக்காரச் செல்கள் நோயே இல்லாத நம் எல்லோர் உடம்பிலும் திரிந்துகொண்டிருக்கின்றன. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் டி செல் எதைப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களும் தமக்குள் உற்பத்தியாகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளை எம்எச்சி என்ற தாங்கியில் பொருத்தி, வெளிப்புறச் சவ்வில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. மனிதர்களில் இந்தத் தாங்கிகளுக்கு எச்எல்ஏ என்று பெயர், உறுப்பு மாற்று சிகிச்சையில் பொருத்தம் பார்ப்பது இதைத்தான். டி செல் அந்தத் துண்டையும் தாங்கியையும் சேர்த்துத்தான் தொட்டுப் பார்க்கும், தனியாகத் திரியும் புரதம் அதன் கண்ணில் படாது. வைரஸ் புகுந்த செல் வைரஸின் துண்டையும் காட்டும், அதில் மாட்டிக்கொள்ளும். இந்த இரட்டைப் பார்வையை 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் கண்டுபிடித்தார்கள், 1996-இல் நோபல் வாங்கினார்கள்.

சிக்கல் என்னவென்றால், அடுத்த வருடம் எந்த வைரஸ் வரும் என்று யாருக்கும் தெரியாது. வைரஸ்கள் மாறும் வேகத்துக்கு நம் மரபணுக்களால் ஈடுகொடுக்க முடியாது. இதற்கு உடம்பு கண்ட வழி சூதாட்டம். மஜ்ஜையிலிருந்து ஒரு முன்னோடிச் செல் ரத்தம் வழியாகத் தைமஸுக்குள் நுழைந்ததும், அங்குள்ள செல்கள் நாட்ச் என்ற சமிக்ஞையைக் கொடுத்து அதை டி செல் பாதையில் திருப்பிவிடுகின்றன. அப்புறம் ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள் வேலையை ஆரம்பிக்கும். ஏற்பிக்கான மரபணு முழுதாக எழுதப்பட்டிருக்காது, பல பதிப்புகள் உள்ள சின்னச் சின்னப் பகுதிகளாகச் சிதறிக் கிடக்கும். ராக் புரதங்கள் டிஎன்ஏவை வெட்டி, ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றைத் தேர்ந்து ஒட்டவைக்கும். ஒட்டும் இடத்தில் வேறொரு நொதி வந்து, எந்த மாதிரி வரைபடமும் இல்லாமல், நாலைந்து எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துவிட்டுப் போகும். பி செல்களின் ஆன்டிபாடிகளும் இப்படித்தான் உருவாகின்றன, அதைக் காட்டியதற்காக சுசுமு தோனேகாவா 1987-இல் நோபல் பெற்றார். டி செல் ஏற்பியின் மரபணுக்கள் 1984-இல் கையில் கிடைத்தன.

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினால் என்ன ஆகும்? மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் என்பதால், மூன்றில் இரண்டு ஒட்டுகள் வாசிப்பு வரிசை தவறி வீணாகும். ஏற்பி என்பது ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு சங்கிலிகளின் ஜோடி. முதலில் பீட்டா சங்கிலி ஒழுங்காக அமைந்ததா என்று பார்ப்பதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டு, இரண்டு பிரதியிலும் தவறினால் அந்தச் செல்லின் கதை அங்கேயே முடிந்தது. தேறிய செல் பல மடங்காகப் பெருகும். பெருகிய ஒவ்வொன்றும் ஆல்ஃபா சங்கிலியைத் தனித்தனியாக ஒட்டிப் பார்க்கும், ஆக ஒரே பீட்டாவுக்கு விதவிதமான ஜோடிகள். இந்தக் கட்டத்தில் செல்லின் மேல் சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளங்களும் இருக்கும், பிற்பாடு ஒன்றுதான் மிஞ்சும்.

இந்த ஏற்பாட்டில் எங்குமே அந்த ஏற்பி எதைப் பிடிக்கப்போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்று இன்னும் உலகத்தில் தோன்றாத வைரஸைப் பிடிக்கும் வடிவத்தில் அமையும். பக்கத்திலேயே இன்னொன்று அதே சூதில் இன்சுலினைப் பிடிக்கும் வடிவத்தில் அமைந்துவிடும். தன்னைத் தாக்கக்கூடிய செல்கள் ஏதோ கோளாறால் பிறக்கின்றன என்று நினைப்பதுதான் முதல் தவறு. அவை பிறக்காமல் மற்றவை பிறக்க வழியே இல்லை.

இது தத்துவமாக முன்பே சிலருக்குப் பிடிபட்டிருந்தது. ரே ஓவன் என்ற அமெரிக்கர் 1945-இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கருப்பையில் ரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள், உருவத்தில் வேறுபட்ட இரட்டைகள்கூட, ஒன்றின் ரத்த அணுக்களை இன்னொன்று வளர்ந்த பிறகும் சுமந்துகொண்டு எந்தச் சண்டையும் இல்லாமல் இருந்தன. 1953-இல் பீட்டர் மெடவாரும் அவருடைய சகாக்களும் கருவிலுள்ள எலிக்கு வேறு இன எலியின் செல்களைச் செலுத்திவிட்டு, அது வளர்ந்ததும் அதே இனத்தின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பாற்றலுக்குச் சகிப்பு என்பது சின்ன வயதில் உருவாகிறது என்பது உறுதியானது. ஆஸ்திரேலியாவின் மேக்ஃபார்லேன் பர்னெட் 1957-இல், சுயத்தைத் தாக்கும் செல் வம்சங்கள் ஆரம்பத்திலேயே ஒழிக்கப்படுகின்றன என்று எழுதினார். 1960-இல் மெடவாருக்கும் பர்னெட்டுக்கும் நோபல் கிடைத்தது. சரி, எந்த இடத்தில் ஒழிக்கப்படுகின்றன? அதற்கு மட்டும் பதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இதே மெடவார் 1963-இல்கூடத் தைமஸில் லிம்போசைட்டுகள் (டி செல், பி செல் போன்ற வெள்ளை அணுக்கள்) இருப்பது பெரிய முக்கியத்துவம் இல்லாத ஒரு பரிணாம விபத்து என்கிற மாதிரி பேசியிருக்கிறார்.

தைமஸுக்கு நேர்ந்த அவமானங்களில் அது சின்னதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது கொடுமை. அந்தக் காலத்தில் உடற்கூறு நிபுணர்களுக்குக் கிடைத்த சடலங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை, நெடுநாள் நோயிலும் பட்டினியிலும் கிடந்து இறந்தவர்கள். உடம்புக்கு நீண்ட அழுத்தம் வந்தால் தைமஸ் சுருங்கிவிடும் என்பது அப்போது தெரியாது. அந்தச் சுருங்கிய அளவே இயல்பான அளவு என்று முடிவுகட்டிவிட்டார்கள். அப்புறம், நன்றாக இருந்த கைக்குழந்தை தூக்கத்தில் திடீரென்று இறந்துபோய், அறுத்துப் பார்க்கும்போது தைமஸ் பெரிதாக இருந்தால், ஆகா இது மூச்சுக்குழாயை அழுத்திக் கொன்றிருக்கிறது என்று ஒரு நோய்க்கே பெயர் வைத்தார்கள். இல்லாத அந்த நோய்க்கு வைத்தியமாக, 1907 தொடங்கிப் பல பத்தாண்டுகளுக்கு, ஆரோக்கியமான குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் எக்ஸ்-ரே பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

தைமஸின் வேலையை வெளியே கொண்டுவந்தவர் ஜாக் மில்லர். லண்டனில் எலிகளின் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதற்காகப் பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. வளர்ந்த எலியில் எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் இது வெட்டியான உறுப்பு என்ற பெயர் நிலைத்திருந்தது. பிறந்ததும் எடுத்த குட்டிகளோ பால் மறந்த பிறகு நலிந்தன, தொற்றுகளில் செத்தன, ரத்தத்தில் லிம்போசைட்டுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. வேறு இன எலிகளின் தோலை அவற்றின் மேல் ஒட்டினால் உதிராமல் ஒட்டிக்கொண்டு அதில் முடியும் முளைத்தது. 1961-இல் இதை வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பதுதான்.

ஒருமுறை தைமஸின் மெல்லிய சீவல் ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஓரங்கள் அடர்ந்த ஊதா, நடுப்பகுதி வெளிறியது. ஓரத்தில் ஊதா அடர்ந்திருக்கக் காரணம், உட்கருக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அளவு நெரிசல். அதுதான் கார்டெக்ஸ், சூதாட்டத்தை முடித்த குஞ்சு டி செல்கள் முதல் சோதனைக்குக் காத்திருக்கும் இடம். வெளிறிய நடுப்பகுதி மெடுல்லா. அங்கங்கே இளஞ்சிவப்பில் வட்டத்துக்குள் வட்டமாக ஹாசல் உருண்டைகள். அவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்கள், எதற்கென்றுதான் ரொம்ப நாள் தெரியவில்லை. திரும்ப வருகிறேன்.

கார்டெக்ஸில் நடக்கும் சோதனையை இப்படிச் சொல்லலாம்: உன் ஏற்பி இந்த உடம்பின் எம்எச்சி தாங்கியைக் கொஞ்சமாவது தொடுகிறதா? அங்கே தைமஸின் சட்டகமாக இருக்கும் எபிதீலியச் செல்கள் தங்கள் மேற்பரப்பில் சுயத்தின் துண்டுகளைக் காட்டிக்கொண்டு நிற்கும், குஞ்சுச் செல்கள் அவற்றை உரசிக்கொண்டு நகரும். லேசாகப் பிடித்தால் பிழைக்கச் சொல்லி சமிக்ஞை கிடைக்கும். எதையுமே பிடிக்காத செல் மூன்று நான்கு நாட்களில் தானாகச் செத்துவிடும், அதை யாரும் கொல்ல வேண்டியதில்லை. சாவதற்குள் ஆல்ஃபா சங்கிலியைத் திரும்பத் திரும்ப மாற்றி ஒட்டிப் பார்க்க அதற்கு அனுமதி உண்டு, ராக் புரதங்கள் அதுவரை ஓயாது. அப்படியும் பெரும்பான்மை தேறுவதில்லை. சாவில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. செத்தவற்றை மேக்ரோஃபேஜ்கள் உடனுக்குடன் விழுங்கிவிடுவதால், இத்தனை கோடிச் சாவு நடக்கும் திசுவில் அழற்சியின் சுவடுகூட இருக்காது. தேறிய செல் எந்த வகைத் தாங்கியைப் பிடித்ததோ அதைப் பொறுத்து சிடி4 அல்லது சிடி8 என்று ஒரு பக்கம் ஒதுங்கும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, இதைச் சீக்கிரம் தாண்டிப்போகும் கட்டுரைகள்மேல் எனக்குக் கோபம். இந்தச் சோதனையில் டி செல்லுக்குக் காட்டப்படுவது முழுக்க முழுக்கச் சுயம். கிருமி எதுவும் அங்கே இல்லை. அப்படியென்றால் சுயத்தைத் துளியும் தொடாத டி செல் என்று ஒன்று உயிரோடு வெளியே போகவே முடியாது. ஒவ்வொரு டி செல்லும் கொஞ்சம் சுயத்தைப் பிடிக்கக்கூடியதுதான், பிடிக்கும் பலத்தில்தான் வேறுபாடு. பிடிக்கவே இல்லையா, சாவு. பலமாகப் பிடிக்கிறதா, அதற்கும் சாவு. நடுவில் ஒரு குறுகலான சந்து, அதில் நுழைந்தவை பிழைக்கும். வெளியே போன பிறகும் சுயத்தின் மீதான இந்த லேசான உரசல்தான் அவற்றை நெடுநாள் உயிரோடு வைத்திருக்கிறது.

பலமாகப் பிடிப்பவற்றைக் களைவதில் மெடுல்லாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1987-இல் ஜான் காப்ளரும் பிலிப்பா மாரக்கும் இதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். குறிப்பிட்ட ஒரு வகை ஏற்பியை மட்டும் அடையாளம் காட்டும் ஆன்டிபாடி ஒன்று அவர்களிடம் இருந்தது. அந்த வகை ஏற்பி, ஐ-ஈ என்ற எம்எச்சி தாங்கியைக் கண்டால் பாயக்கூடியது. ஐ-ஈ உள்ள எலிகளில் பார்த்தால், தைமஸின் முதிராத செல்களில் அந்த ஏற்பி இருந்தது, முதிர்ந்தவற்றில் காணோம். பர்னெட் முப்பது வருடம் முன்பு எழுதியது ஊகமாக இல்லாமல் எண்ணிப் பார்க்கக்கூடிய சாவாக மாறியது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை பாக்கி இருந்தது. தைமஸ் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது. இன்சுலின் கணையத்தில் உண்டாகிறது, தைரோகுளோபுலின் தைராய்டில் உண்டாகிறது, கண்ணின் விழித்திரைப் புரதங்கள் கண்ணைத் தாண்டுவதே இல்லை. தைமஸில் காட்டப்படாத புரதத்தைப் பிடிக்கும் டி செல்லை எப்படிக் களைவது? நெடுங்காலம் இதற்கு, அதெல்லாம் வெளியே வேறு வழியில் பார்த்துக்கொள்ளப்படுகிறது என்றுதான் பதில் சொல்லிவந்தார்கள்.

பதிலுக்கான நூல்முனை ஓர் அபூர்வ நோயில் கிடைத்தது. ஃபின்லாந்திலும் சார்டினியாவிலும் ஈரானிய யூதர்களிடமும் சற்றே அதிகமாகக் காணப்படும் நோய் அது. சின்ன வயதில் வாயில் ஆறாத கேண்டிடா பூஞ்சைத் தொற்று வரும், அடுத்துப் பாராதைராய்டு சுரப்பி ஓய்ந்துபோய்க் கால்சியம் சரியும், அதற்கடுத்து அட்ரீனல் சுரப்பி. சிலருக்கு அதோடு நிற்காமல் சூலகம், கல்லீரல், தோல் என்று நீளும். அத்தனையும் ஒரே ஒரு மரபணு பழுதானதால். 1997-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக 21-ஆம் குரோமோசோமில் அதைக் கண்டுபிடித்தன. பெயர் ஏயர். இது எங்கே வேலை செய்கிறது என்று தேடினால், கணையத்திலும் இல்லை, அட்ரீனலிலும் இல்லை. தைமஸின் மெடுல்லாவில் இருக்கும் எபிதீலியச் செல்களில் இருந்தது.

மெடுல்லா செல்கள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத மரபணுக்களை இயக்குகின்றன என்பதை ஜெர்மனியில் புருனோ கீவ்ஸ்கியின் குழு 2001 வாக்கில் காட்டியிருந்தது. 2002-இல் ஹார்வர்டில் மார்க் ஆண்டர்சன், டையான் மேதிஸ், கிறிஸ்டோஃப் பெனுவா கூட்டணி ஏயர் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது இரண்டும் இணைந்தன. அந்த எலிகளின் மெடுல்லாவில் பிற உறுப்புகளின் புரதங்கள் பல காணாமல் போயிருந்தன, பல உறுப்புகளில் டி செல் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. ஆக, நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் ஒரு சுரப்பி, உமிழ்நீரிலும் கண்ணிலும் கணையத்திலும் இருக்கும் புரதங்களைத் தானே கொஞ்சம் கொஞ்சம் தயாரித்துக் காட்டுகிறது. எந்த வேலைக்கும் உதவாத இன்சுலின், டி செல் ஒன்று தன்னைப் பிடித்துச் சாகவேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்படும் இன்சுலின். உயிரியலில் இதைவிட வினோதமான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஏயர் வேலை செய்யும் விதம் இன்னும் வினோதம். வழக்கமாக ஒரு மரபணுவை இயக்கும் புரதம் அதற்கான குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைத் தேடிப் பிடிக்கும். ஏயர் அப்படி ஆள் பார்ப்பதில்லை. மூடிக் கிடக்கும், பாதியில் நின்றுபோன மரபணுக்களை ஆயிரக்கணக்கில் தட்டிவிடுகிறது. எந்தச் செல்லில் எது இயங்கும் என்பதும் ஓரளவு குருட்டாம்போக்குதான். ஒரு குறிப்பிட்ட உறுப்புப் புரதத்தை எடுத்துக்கொண்டால், எந்த நேரத்திலும் மெடுல்லா செல்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றுதான் அதைக் காட்டிக்கொண்டிருக்கும். எல்லாச் செல்களையும் சேர்த்துக் கூட்டினால்தான் உடம்பின் மரபணுக்களில் பெரும்பகுதி தேறும். குஞ்சு டி செல் நாலைந்து நாள் அங்கே சுற்றுகிறது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும்போது தனக்குரிய அந்த ஒரு செல்லைச் சந்தித்தால் மாட்டும். துண்டுகளைக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட டென்ட்ரிடிக் செல்கள் எபிதீலியச் செல்களிடமிருந்து துண்டுகளை வாங்கித் தாங்களும் காட்டுவதால் சந்திக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். இருந்தாலும், ஒரு குருட்டாம்போக்கில் பிறந்த ஏற்பியை இன்னொரு குருட்டாம்போக்கில் காட்டப்படும் துண்டு பிடிக்க வேண்டும் என்கிற ஏற்பாட்டில் சந்திக்காமலே தப்பிப்பவை இருக்கத்தானே செய்யும்.

ஹாசல் உருண்டைகளுக்கு வருகிறேன் என்றேனே. 2022-இல் மேதிஸின் குழு மெடுல்லாவை ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் பார்த்ததில், அங்கே சில எபிதீலியச் செல்கள் தசை போலவும், குடலின் சில செல்கள் போலவும், தோல் போலவும் வேடம் போட்டு நிற்பது தெரிந்தது. அந்தந்த உறுப்பை உருவாக்கும் அதே கட்டுப்பாட்டுப் புரதங்களையே இங்கும் பயன்படுத்துகின்றன. ஹாசல் உருண்டை என்பது தோல் செல்லைப் போலக் கெரட்டின் ஏறி முதிர்ந்துபோன மெடுல்லா செல்களின் திரள். நெஞ்சுக்குள் தோல்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதன்முதலாகப் பார்த்தவர் எப்படி ஊகித்திருக்க முடியும்.

காட்டப்படும் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு முதல் வகைச் சர்க்கரை நோயைச் சொல்லலாம். இன்சுலின் மரபணுவுக்குச் சற்று முன்னால் திரும்பத் திரும்ப வரும் ஒரு டிஎன்ஏ பகுதி இருக்கிறது, சிலருக்குக் குட்டையாக, சிலருக்கு நீளமாக. நீளமான வடிவம் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு. காரணம் கணையத்தில் இல்லை. 1997-இல் தெரியவந்தது என்னவென்றால், நீளமான வடிவம் தைமஸில் இன்சுலினை இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இயக்குகிறது. நெஞ்சில் கொஞ்சம் கூடுதல் இன்சுலின் காட்டப்பட்டால், கணையத்தைத் தாக்கும் செல்கள் அத்தனை குறைவாகத் தப்பிக்கின்றன.

முழுக்கவே விட்டுப்போகும் புரதங்களும் உண்டு. இதயத் தசையின் ஆல்ஃபா மையோசினை எடுத்துக்கொள்ளுங்கள். எலியிலும் சரி மனிதரிலும் சரி, மெடுல்லா எபிதீலியச் செல்கள் அதைக் காட்டுவதில்லை என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். ஏன் இப்படி, இதயத்தையா விட்டுவிடுவது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் விளைவு தெரியும். ஆல்ஃபா மையோசினைப் பிடிக்கும் டி செல்கள் நம் எல்லோர் ரத்தத்திலும் சாதாரணமாகச் சுற்றுகின்றன.

களையெடுப்பு எத்தனை அரைகுறையானது என்று எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸின் குழு 2015-இல் ஒரு நேர்த்தியான கணக்கெடுப்பு செய்தது. ஒய் குரோமோசோமில் மட்டும் உள்ள ஒரு மரபணுவின் புரதத்துண்டை எடுத்துக்கொண்டார்கள். ஆண்களுக்கு அது சுயம், பெண்களுக்கு அந்நியம். களையெடுப்பு முழுமையானது என்றால் ஆண்களின் ரத்தத்தில் அதைப் பிடிக்கும் சிடி8 செல்களே இருக்கக்கூடாது. இருந்தன. பெண்களிடம் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தன. எனக்கு இந்த ஒரு எண், தைமஸைப் பற்றிய எத்தனையோ பெரிய வார்த்தைகளைவிடப் பிடித்தமானது. முழுவதும் களைந்தால், சுயத்தின் துண்டுகளை ஒத்திருக்கும் கிருமித் துண்டுகளைப் பிடிக்க ஆளே இல்லாமல் போகும், கிருமிகள் அந்த ஓட்டை வழியாக வந்து புகுந்துகொள்ளும். அதனால் இது ஒருவேளை குறைபாடே இல்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

சரி, இத்தனை பேர் தப்பித்துத் திரிந்தும் நம்மில் பெரும்பாலோருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? ஷிமோன் சகாகுச்சி என்ற ஜப்பானியரைப் பல வருடம் பிடித்தாட்டிய கேள்வி இதுதான். மில்லர் பிறந்த உடனே தைமஸை எடுத்தார். வேறு ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பிறந்த மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்திருந்தார்கள், அந்த எலிகளுக்கு எதிர்ப்பாற்றல் குறைவதற்குப் பதிலாகக் சூலகம் போன்ற உறுப்புகளில் ஆட்டோ இம்யூன் தாக்குதல் வந்தது. டி செல்களைக் குறைத்தால் தாக்குதல் கூடுகிறது என்றால், அவற்றுக்குள்ளேயே அடக்கும் வகை ஒன்று இருக்க வேண்டும். ஆரோக்கியமான எலியின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தினால் நோய் வராமல் தடுக்க முடிந்தது. அந்த வகையின் மேல் சிடி25 என்ற அடையாளம் இருப்பதை 1995-இல் வெளியிட்டார். அந்தச் சமயத்தில் அடக்கும் டி செல் என்று சொன்னாலே சிரிப்பார்கள், அதற்கு முந்தைய பதினைந்து இருபது வருடத்தில் அந்தப் பெயரில் வந்த ஆராய்ச்சிகள் அத்தனை குழப்பமாக முடிந்திருந்தன.

இன்னொரு பக்கம், 1940-களில் அணுகுண்டு ஆராய்ச்சியோடு தொடர்புடைய அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் கூடத்தில், கதிர்வீச்சின் விளைவைப் பார்ப்பதற்காக வளர்த்த எலிகளில் தானாகத் தோன்றிய ஒரு வகை இருந்தது. ஆண் குட்டிகள் மட்டும் செதில் செதிலான தோலோடு, மண்ணீரலும் நிணநீர் கணுக்களும் வீங்கி, சில வாரங்களில் செத்துப்போகும். மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 1990-களில் அதன் காரணத்தைத் தேடி எக்ஸ் குரோமோசோமில் ஐந்து லட்சம் எழுத்துகள் உள்ள ஒரு துண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் இருபது மரபணுக்கள். ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கடைசியான இருபதாவதில்தான் பழுது அகப்பட்டது. அதுதான் ஃபாக்ஸ்பி3. அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே சர்க்கரை நோயும் குடல் அழற்சியும் தோல் படைகளும் வருவதை 2001-இல் காட்டினார்கள். சகாகுச்சி தேடிய அடக்கும் செல்களை உருவாக்குவது இந்த மரபணுதான் என்பது 2003-இல் உறுதியானது. மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல்.

ட்ரெக் (ரெகுலேட்டரி டி செல்) என்று அழைக்கப்படும் இந்த அடக்கும் செல்களில் பெரும்பகுதி தைமஸிலேயே உருவாகிறது, அதுவும் சுயத்தைச் சற்றுப் பலமாகப் பிடித்து, சாகும் எல்லைக்குப் பக்கத்தில் போனவற்றிலிருந்து. யோசித்துப் பாருங்கள், எந்தக் குற்றத்துக்காகப் பக்கத்துச் செல் செத்ததோ கிட்டத்தட்ட அதே குற்றத்துக்காக இதற்குக் காவல் வேலை கிடைக்கிறது. சுயத்தை நன்றாகப் பிடிப்பதால்தான் அது சுயம் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து மற்றவற்றை அடக்க முடிகிறது.

வெளியே இன்னும் சில தடைகள் உண்டு. ஏற்பி பிடித்தால் மட்டும் டி செல் கிளம்பாது, ஆபத்து இருப்பதைச் சொல்லும் இரண்டாவது சமிக்ஞையும் வேண்டும். அது இல்லாமல் பிடித்தால் செல் மரத்துப்போகும். சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற பிரேக்குகள் தனி. இந்தப் பிரேக்குகளை மருந்தால் கழற்றிவிட்டால் டி செல்கள் புற்றுநோய்க் கட்டியைத் தாக்கும் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். அந்த மருந்துகள் பலருக்கு வாழ்நாளை நீட்டித்திருக்கின்றன. கூடவே சிலருக்குக் குடல் அழற்சி, தைராய்டு அழற்சி, அபூர்வமாக இதயத் தசை அழற்சி. இதயத் தசை அழற்சி வந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பிரேக்குகள் இல்லாத எலிகளின் இதயத்தில் பாய்ந்த டி செல்கள் எதைப் பிடிக்கின்றன என்று 2022-இல் பார்த்தார்கள். ஆல்ஃபா மையோசின். தைமஸ் காட்டாமல் விட்ட அதே புரதம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்று பொடியும் லேகியமும் விற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். நிஜமாகவே அதைக் கூட்டினால் என்ன ஆகும் என்று புற்றுநோய் வார்டில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

தைமஸ் குழந்தைப் பருவத்திலிருந்தே மெல்லச் சுருங்கத் தொடங்கி, வயது ஏற ஏறக் கொழுப்பாக மாறிக்கொண்டே வரும். அதனால் பெரியவர்களுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் மருத்துவத்தில் ஊறிப்போயிருந்தது. இதயத்துக்குப் போகும் வழியில் மறித்துக்கொண்டிருப்பதால் இதய அறுவையின்போது அதை வெட்டியெடுத்துவிடுவதும் உண்டு. 2023-இல் அமெரிக்காவில் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு, தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும், எடுக்காமல் அதே மாதிரி நெஞ்சு அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டது. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம். புற்றுநோய் வந்தவர்களும் முதல் கூட்டத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்பதால் காரணம் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இனி யாரும் அந்தச் சுரப்பியை அலட்சியமாக வீசமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கைக்குழந்தைகளின் இதய அறுவையில் இப்படி வெட்டியெடுக்கப்படும் தைமஸுக்கு ஓர் உபயோகம் இருக்கிறது. தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்கர்ட் பல வருடம் உழைத்து, அந்தத் திசுவை மெல்லிய சீவல்களாக்கி, ஓரிரு வாரங்களுக்கு மேல் வளர்ப்பில் வைத்து, அந்தக் குழந்தைகளின் தொடைத் தசைக்குள் பதிக்கும் முறையை உருவாக்கினார். 2021-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. எச்எல்ஏ பொருத்தம்கூடப் பார்ப்பதில்லை. குழந்தையின் சொந்த முன்னோடிச் செல்கள் ரத்தம் வழியாகத் தொடைக்கு வந்து, முன்பின் தெரியாத யாரோ ஒரு குழந்தையின் எபிதீலியச் செல்களை உரசி, அங்கேயே செத்தும் பிழைத்தும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புதிய டி செல்களாக ரத்தத்தில் தென்படத் தொடங்குகின்றன. இந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் பொதுவாக இரண்டு மூன்று வயதைத் தாண்டுவதில்லை. சிகிச்சைக்குப் பிறகு தொற்றுகளைச் சமாளிக்கிறார்கள். சிலருக்குத் தைராய்டு அழற்சியோ, தன் ரத்த அணுக்களைத் தானே அழிக்கும் சிக்கலோ வருகிறது, அதனால் ரத்தப் பரிசோதனைகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.